பாட்டரிக்கும் தாகம் எடுக்கும்!

வீட்டில் குழந்தை அழுதால் ஓடுகிறோம். பசு கத்தினால் ஓடுகிறோம். அழவும் தெரியாமல், கத்தவும் தெரியாமல் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜீவனை மட்டும் மறந்து விடுகிறோம். இன்வெர்ட்டர் பாட்டரியைத்தான் சொல்கிறேன். நான் மறந்தேன். அதற்கு என் மாமியார் ஒரு ராத்திரி மூச்சுத் திணறினார்.

எங்களுக்கு மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், ஒரு சின்ன டிராக்டர். 2012-இல் தமிழ்நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததே, அப்போதுதான் இன்வெர்ட்டர் வாங்கினோம். அது தொடங்கி பாட்டரி என்பது ஆண்கள் சமாசாரம் என்று நானும், வீட்டுக்குள் இருப்பது பெண்கள் சமாசாரம் என்று என் கணவரும் இருந்து விட்டோம்.

2020 நவம்பர் 25. நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையைக் கடக்கப் போகிறது என்றார்கள். சாயங்காலமே கரெண்ட் போய்விட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு இன்வெர்ட்டர் 'கீ கீ' என்று கத்தி, அணைந்தே போனது. வெளியே காற்று ஊளையிடுகிறது. மாமியாருக்கு நாள்பட்ட ஆஸ்துமா. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நெபுலைசரில் வைத்தால்தான் இழுப்பு அடங்கும். "மூச்சு முட்டுதும்மா..." என்று என் கையைப் பிடித்துக் கொண்டார். அது கொரோனா காலம். அந்தப் புயலில் எந்த ஆஸ்பத்திரிக்கு, எப்படிப் போவது?

"பயப்படாதே, டிராக்டர் பாட்டரி இருக்கு" என்று என் கணவர் கொட்டகைக்கு ஓடினார். மழையில் நனைந்து கொண்டே கழற்றி வந்து இன்வெர்ட்டரில் மாட்டினார். நெபுலைசர் உறுமியது. பத்து நிமிஷத்தில் அத்தையின் மூச்சு சீரானது. ஏரி காத்த ராமரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "ஓடுகிற வரை ஓடட்டுமே" என்று இரண்டு ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அந்த டிராக்டர் பாட்டரியிலேயே போட்டு, சுத்தமாக வற்றும் வரை விட்டோம். கரெண்ட் வர இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் வயல் வழியில் விழுந்த வேப்பமரத்தை இழுக்க டிராக்டரைக் கிளப்பினால், 'டக்' என்ற சத்தத்தோடு சரி. ஒரே புயலில் இரண்டு பாட்டரியும் போச்சு!

பார்க்க வந்த மெக்கானிக் தம்பி இன்வெர்ட்டர் பாட்டரியின் மூடியைத் திறந்தார். உள்ளே தகடு வறண்டு வெள்ளை பூத்திருந்தது.

"அக்கா, கடைசியா எப்போ தண்ணி ஊத்தினீங்க?"

"போன பொங்கலுக்கு..."

"என்ன தண்ணி?"

எனக்குக் குரலே எழும்பவில்லை. "போர் தண்ணிதான் தம்பி."

அவர் சிரிக்கவில்லை. "வெந்நீர் போடற பாத்திரத்தில வெள்ளையா படியுது பாருங்க, அதே உப்புதான் இதுக்குள்ளயும் போகுது" என்றார். பத்தாவது வரை படித்த எனக்கு அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் புரிந்தது.

ரசம் கொதித்து வற்றினால் தண்ணீர்தான் போகும், உப்பும் புளியும் அப்படியே இருக்கும் இல்லையா? பாட்டரியும் அப்படித்தான். சார்ஜ் ஆகும்போது தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போகும். அமிலம் உள்ளேயே தங்கும். ஆகவே குறைந்தது தண்ணீர்தான். ஊற்ற வேண்டியதும் தண்ணீர்தான். அமிலம் ஊற்றவே கூடாது. அந்தத் தண்ணீரும் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டராக இருக்க வேண்டும். கேன் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவும் உதவாது.

டிராக்டர் பாட்டரி ஏன் கெட்டது என்பதையும் தம்பியிடமே கேட்டேன். இஞ்சினைக் கிளப்பும் பாட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்குமாம். சில விநாடிகளுக்கு ஏராளமான மின்சாரத்தைக் கொட்டும். இஞ்சின் ஓடினதும் மறுபடி நிரம்பி விடும். இன்வெர்ட்டருக்கான 'டியூபுலர்' பாட்டரியோ கனத்த கம்பிகளைச் சுற்றிக் குழாய்களில் ஈயப்பொடி அடைத்தது. மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுத்து வற்றினாலும் தாங்கும். ஒன்று நூறு மீட்டர் ஓட்டக்காரன், இன்னொன்று தலைச்சுமைக்காரி. அவசரத்துக்கு மாற்றிக் கொள்ளலாம், அன்றாடத்துக்குக் கூடாது. இப்படி ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரியை பிரான்ஸ் நாட்டு காஸ்டன் பிளான்டே 1859-இலேயே செய்துவிட்டாராம். என் மகன் சொன்னான். இத்தனை வருஷப் பழசை நாம் இன்னும் தெரிந்து கொள்ளவில்லையே!

புதிது வாங்கும்போது இந்தத் தடவை நானும் கடைக்குப் போனேன். முதலில் நம் தேவையைக் கணக்குப் போட வேண்டும். 75 வாட் ஃபேன் இரண்டு, 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, மொத்தம் 186 வாட். 12 வோல்ட், 150 ஏ.எச். பாட்டரி என்றால் பெருக்கி வருவது 1800. அதை 186-ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் வழியில் சேதாரம் உண்டு, முழுக்க வற்ற விடவும் கூடாது. ஐந்து, ஆறு மணி என்று வைத்துக் கொண்டால் ஏமாற மாட்டீர்கள். பாட்டரி தயாரான மாதத்தைப் பாருங்கள். கடையில் வெகுநாள் தூங்கியது வேண்டாம். உத்தரவாத அட்டையில் தேதி போட்டு முத்திரை வாங்குங்கள். தண்ணீரே கேட்காத லித்தியம் பாட்டரியும் இப்போது வருகிறது. விலை கூடுதல், நம் இன்வெர்ட்டர் அதற்கு ஒத்து வருமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கும்போதே பாட்டரியையும் பார்த்து விடுகிறேன். மிதவை கீழே இறங்கியிருந்தால், இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, மேல் குறி வரை மட்டும் ஊற்றுவேன். வழிய விடக்கூடாது. கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தால், கம்பிகளைக் கழற்றி ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, மறுபடி மாட்டி வாஸ்லின் தடவ வேண்டும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். இந்த வேலை என் கணவருடையது. அறுவடை முடிந்து டிராக்டர் சும்மா நின்றாலும் அதன் பாட்டரிக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுகிறார்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில், தவழும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். பக்கத்தில் அகல் விளக்கோ கொசுவர்த்தியோ வேண்டாம். கண்ணில் அமிலம் தெறித்தால் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் ஓடுங்கள். பழைய பாட்டரியை வீட்டில் உடைக்கவே கூடாது; அதிலுள்ள ஈயம் பிள்ளைகளின் மூளையையே கெடுக்கும். கடையில் கொடுத்தால் புதிதின் விலையில் கழித்துக் கொள்வார்கள்.

அத்தைக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. வானம் லேசாகக் கறுத்தாலே கூடத்திலிருந்து குரல் வரும்:

"ஏம்மா, பாட்டரிக்குத் தண்ணி ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன் அத்தை!" என்று சொல்லும்போது எனக்கே மூச்சு சீராக வருகிறது.