ஆறு மாத அனுபவம்

'செவிலி' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. சங்க அக இலக்கியங்களில் தலைவியைப் பேணி வளர்ப்பவள் செவிலித்தாய். அவள் மகளே தோழி என்கிறது தொல்காப்பியம். தலைவி தலைவனுடன் ஊர்விட்டு நீங்கியபின் பெற்ற தாய் இல்லத்திலிருந்து புலம்புவாள். பாலை வழியில் இறங்கி நடப்பவளும், எதிர்ப்படுவோரிடமெல்லாம் கேட்டு நிற்பவளும் செவிலியே. நோயுற்றோரைப் பேணும் பணிக்கு இந்தச் சொல் அமைந்தது மிகப் பொருத்தம் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால், சொல்லுக்கு இருக்கும் மதிப்பு அந்தப் பணியைத் தேடி நகரத்துக்கு வரும் இளம்பெண்ணுக்கு எளிதில் கிடைத்துவிடுவதில்லை. என் தமக்கையின் மகளோடு 2018ஆம் ஆண்டு சென்னையில் ஒன்பது நாள் அலைந்தபோது கண்டவற்றை இங்கு எழுதுகிறேன். இதைப் படிக்கும் மாணவர்களுள் சிலர் இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் அதே படிகளில் ஏறி இறங்கக்கூடும்.

பட்டமும் பதிவும்

விருத்தாசலத்தை அடுத்த சிற்றூர் அவளுடையது. பதினோராம் வகுப்பில் படிக்கும்போது தந்தையை இழந்தாள். என் தமக்கை தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்தினார். வங்கியில் 2 இலட்சம் ரூபாய் கல்விக்கடன் பெற்று, தனியார் கல்லூரி ஒன்றில் நான்காண்டுச் செவிலியர் பட்டப்படிப்பை அவள் முடித்தாள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை செலுத்த வேண்டியதில்லை என்பது கடனின் விதி. அந்த ஓராண்டில் ஆறு மாதத்தை ஊரிலிருந்த 20 படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையில் கழித்திருந்தாள். ஊதியம் மாதம் 6,000 ரூபாய். தவணை தொடங்கிவிட்டால் அதில் பாதி அதற்கே போய்விடும். ஆகவே சென்னைக்குப் போக முடிவு செய்தாள். தனியே அனுப்பத் தமக்கைக்கு மனம் வரவில்லை. காலாண்டு விடுமுறை என்பதால் நான் உடன் சென்றேன்.

செவிலியராகப் பணியாற்றப் பட்டம் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிந்து சான்றிதழ் பெற வேண்டும். நாடு முழுமைக்குமான பாடத்திட்டத்தையும் பயிற்சியின் தரத்தையும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்தியச் செவிலியர் குழுமம் வரையறுக்கிறது. அந்தப் பாடத்திட்டத்தில் வகுப்பறையில் கழியும் நேரத்தைவிட நோயாளியின் படுக்கையருகே கழியும் நேரமே மிகுதி. அறுவைப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, மனநலப் பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையம் எனப் பல இடங்களில் மாணவியர் பயிற்சி பெறுகின்றனர். மகப்பேற்றுப் பிரிவில் தாம் உடனிருந்து பார்த்த பிரசவங்களையும் தாமே நடத்திய பிரசவங்களையும் பதிவேட்டில் எழுதி, ஆசிரியரிடம் கையொப்பம் பெறுகின்றனர். அப்படியொரு பதிவேடு அவளிடமும் இருந்தது. அதை ஊரிலேயே விட்டுவிட எண்ணினாள்.

"அது காலேஜ் நோட்டு, சித்தி. யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

எழுதி முடித்த ஏட்டை விட்டுச்செல்லத் தமிழாசிரியருக்கு மனம் வருமா? எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

பூட்டும் திறவுகோலும்

அரும்பாக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கினோம். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும் மருத்துவமனைகள். முதல் மூன்று நாள்களில் பதினொரு வாயில்களில் ஏறினோம். எங்கும் ஒரே கேள்விதான்: "எத்தனை வருட அனுபவம்?" அவள் தலைகுனிந்து, "ஆறு மாதம்தான்" என்பாள். தன்விவரக் குறிப்பை வாங்கி வைத்துக்கொண்டு, "இடம் இருந்தால் அழைக்கிறோம்" என்பார்கள். சில இடங்களில் வாயிற்காவலரே அதைப் பெற்றுக்கொண்டார். அனுபவம் இருந்தால்தான் வேலை. வேலை கிடைத்தால்தான் அனுபவம். பெட்டிக்குள் திறவுகோலை வைத்துப் பூட்டிவிட்டு, திறந்து எடுத்துக்கொள் என்பது போன்றது இது.

எனினும், மருத்துவமனைகளின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வரும் செவிலியரை ஒரு நோயாளியின் அருகே தனியாக நிறுத்திவிட முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியோடு இருக்கும் நோயாளிக்கு ஒருவர் என்ற அளவில் செவிலியர் தேவை. அந்த ஒருவர் கற்றுத் தேர்ந்தவராக இருக்க வேண்டும். புதியவருக்குச் சில மாதங்கள் மூத்தவர் ஒருவர் உடனிருந்து கற்பிக்க வேண்டும். அப்படிக் கற்பித்து ஆளாக்கியபின் அவர் இரண்டாண்டுகளில் விடைபெற்றுவிடுகிறார். வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் கேட்பது இரண்டாண்டு அனுபவம் என்பதே காரணம். கற்பிக்கும் செலவு ஓரிடம், பயன் வேறிடம் என்னும்போது, ஏற்கெனவே கற்றவர்களையே எடுத்துக்கொள்வோம் என்று நிருவாகத்தினர் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால், எல்லாரும் அப்படியே நினைத்தால் கற்பிப்பவர் யார் என்ற கேள்விக்கு அந்தப் பதினொரு வாயில்களில் எவரும் விடை சொல்லவில்லை.

நான்காம் நாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். 5,000 ரூபாய் முன்பணம் கட்டினால் பெரிய மருத்துவமனையில் வேலை உறுதி என்றார். மருத்துவமனையின் பெயரைக் கேட்டபோது, பணம் கட்டியபின் சொல்வதாகக் கூறினார். பேச்சு அத்துடன் முடிந்தது.

நம்பத்தக்க செய்தி விடுதியிலேயே கிடைத்தது. எங்கள் அறையில் தருமபுரியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்த செவிலியர் இருவர் இருந்தனர். எந்த மருத்துவமனையில் ஆள் குறைவு, எங்கே இரவுப்பணிக்குப் பின் உணவு தருகிறார்கள், எங்கே ஊதியம் பத்தாம் தேதிக்கு மேல் வருகிறது என்பனவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தன்விவரக் குறிப்பை ஒருமுறை படித்துவிட்டு நாகர்கோவில் பெண், "ஆறு மாசம்னு மட்டும் எழுதினா யாருக்கு என்ன தெரியும்? எத்தனை பெட், நைட்ல எத்தனை பேஷண்ட், என்னென்ன செஞ்சே, அதை எழுது" என்றாள். நான் எழுதுகோலை எடுத்தேன். இரவில் மருத்துவர் வீட்டிலிருக்க, உதவியாளர் ஒருவருடன் 12 நோயாளிகள் வரை தானே கவனித்ததாக அவள் சொன்னாள். சிரை வழி மருந்து செலுத்துதல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல், சிறுநீர்க்குழாய் பொருத்துதல் எனச் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் நிறைந்தது. கல்லூரிப் பதிவேட்டிலிருந்து எடுத்தவை இன்னொரு பக்கம். ஒரு சொல்கூட மிகையில்லை.

மூலச்சான்றிதழ்

ஐந்தாம் நாள் ஒரு பெரிய மருத்துவமனை அவளை ஏற்றுக்கொண்டது. மாதம் 14,000 ரூபாய். அவள் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். இரண்டாண்டு விலகக் கூடாது. விலகினால் 1 இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பட்டம், பதிவு உள்ளிட்ட மூலச்சான்றிதழ்கள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததற்குச் சான்றாகச் சீட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். அப்படி வழக்கமில்லை என்றனர். மறுநாள் காலைக்குள் முடிவு சொல்லச் சொன்னார்கள்.

அன்றிரவு விடுதி மொட்டை மாடியில் நெடுநேரம் பேசினோம். கையெழுத்திட்டுவிடலாம் என்பதே அவள் எண்ணமாக இருந்தது. "தவணை ஆரம்பிச்சா அம்மா மறுபடியும் ராத்திரி எல்லாம் மெஷின்ல உக்காரணும், சித்தி" என்றாள். அதற்கு மறுமொழி சொல்வது எளிதாக இல்லை. 14,000 ரூபாய் அந்த வீட்டில் எத்தனை பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும். ஆனால், பதிவுச் சான்றிதழ் ஒரு செவிலியருக்கு உழவனுக்கு நிலப்பட்டா போன்றது. 2012ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அரசுப் பணிக்கு அழைக்கும்போது மூலச்சான்றிதழைக் காட்ட வேண்டும். அயல்நாடு செல்வதற்கும், ஏன், வேறொரு மருத்துவமனையில் சேர்வதற்கும் அதுவே வேண்டும். அது பிறர் பெட்டியில் இருக்கும்வரை இவளுடைய அடுத்த அடியும் அவர்கள் பெட்டியில்தான் இருக்கும். இத்தகைய பணிப்பிணை முறை கூடாது என்று இந்தியச் செவிலியர் குழுமமே கூறியிருக்கிறது. இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். முடிவை அவளிடமே விட்டேன். தவணை கட்டப்போகிறவள் அவள்தானே.

ஊதியத்தைப் பற்றியும் அன்று பேச்சு எழுந்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை குறித்த வழக்கில் 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து நடுவண் அரசு வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்பன அக்குழுவின் பரிந்துரைகள். அறைத்தோழியர் இருவரும் சிரித்தனர். அவர்களுள் கூடுதலாகப் பெற்றவளின் ஊதியம் 15,500 ரூபாய்.

காலையில் அவள் எனக்கு முன்பே எழுந்து, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மருத்துவமனைக்குச் சென்று, "நகல் தருகிறேன், மூலத்தைக் காட்டுகிறேன், கொடுக்க இயலாது" என்று தானே சொன்னாள். அந்த வேலை போயிற்று. திரும்பி வரும் பேருந்தில் இருவரும் பேசவில்லை.

துளிக்கணக்கு

எட்டாம் நாள், அறைத்தோழியர் சொன்ன 60 படுக்கை மருத்துவமனைக்குச் சென்றோம். செவிலியர் கண்காணிப்பாளர் அறுபதை நெருங்கும் அம்மையார். எத்தனை ஆண்டு என்று கேட்கவில்லை. 500 மில்லிலிட்டர் உப்புநீர்க் கரைசலை 4 மணி நேரத்தில் செலுத்த வேண்டும். குழாயில் 1 மில்லிலிட்டருக்கு 20 துளி. நிமிடத்துக்கு எத்தனை துளி என்று கேட்டார். மொத்தம் 10,000 துளி, 240 நிமிடம். "ஏறத்தாழ 42, மேடம்" என்றாள். கண்காணிப்பாளர் தலையசைத்துவிட்டு, "நீ தனியாக இருந்த ஓர் இரவைச் சொல்லம்மா" என்றார்.

அவள் சொன்னாள். நள்ளிரவில் முதியவர் ஒருவரை வாதம் என்று கூறித் தூக்கி வந்தார்கள். பேச்சுக் குழறியது, உடல் வியர்வையில் நனைந்திருந்தது. நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர் என்று மருமகள் சொன்னதும், இரத்தச் சர்க்கரையைப் பார்த்திருக்கிறாள்: 38. உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் சொன்னபடி 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோசு கரைசலைச் சிரை வழியே செலுத்தினாள். சில நிமிடங்களில் முதியவர் கண்விழித்துத் தம் செருப்பு எங்கே என்று கேட்டாராம்.

"சர்க்கரை பார்க்கச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லலை மேடம். வியர்வையைப் பார்த்ததும் தோணிச்சு."

அம்மையார் கல்லூரிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி மகப்பேற்றுப் பக்கங்களைப் புரட்டினார். மூலச்சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நகலில் ஒப்பமிட்டு, மூலங்களைத் திருப்பித் தந்தார். ஊதியம் 11,500, மூன்று மாதம் மூத்த செவிலியருடன் பணி, அதன்பின் இரவுப்பணி. 2,500 ரூபாய் குறைவு. அவள் அங்கேயே ஒப்புக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து நான் ஊர் திரும்பினேன். விடுதிக் கட்டணமும் தவணையும் போக, முதலாண்டில் அவள் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது மிகச் சிறிது. என் தமக்கை ஓராண்டு காலம் இரவிலும் தைத்தார் என்பதை மறைப்பதற்கில்லை. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது நகரெங்கும் செவிலியர் தேவை பெருகியது. அவளிடம் அப்போது பணியனுபவமும் இருந்தது, சான்றிதழ்களும் கையிலிருந்தன. 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறினாள். 24,000 ரூபாய் பெற்றாள். நேர்காணல் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். அந்த மாதங்களில் அவள் பட்ட பாடு தனியே எழுதத்தக்கது.

இப்போது அரசுப் பணிக்கான தேர்வுக்குப் படித்துவருகிறாள். அதில் தமிழ்மொழித் தகுதித்தாளும் உண்டு. இரவுப்பணி முடிந்து விடுதிக்கு நடக்கும் வழியில் காலை எட்டரை மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைப்பாள். நேற்றும் அழைத்தாள்; வல்லினம் மிகா இடங்களைப் பற்றிக் கேட்டாள். முதல் பாடவேளைக்கு மணி அடித்தும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.