மொன்ரானாவின் ஏரிகளும் காணிக் கடதாசிகளும்

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கே, கனடாவின் எல்லையோடு ஒட்டிக் கிடக்கிறது மொன்ரானா மாநிலம். மலையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பரப்பளவு ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்பவர்கள் பதினொரு இலட்சம் பேர்கூட இல்லை. சமூகப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சிக்காக அங்குள்ள மிசூலா நகரில் ஒரு கோடைகாலம் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சனி, ஞாயிறுகளில் எங்களை ஏரிகளைப் பார்க்க அழைத்துச் சென்றார்கள்.

மாநிலத்தின் கிழக்குப் பகுதி முழுவதும் புல்வெளி. கோதுமையும் மாடுகளும்தான். மேற்கே ரொக்கி மலைத்தொடர் எழுகிறது. வடக்கில் உள்ள பனிமலைத் தேசியப் பூங்காவில் மூன்று திசைப் பிரிமலை என்றொரு சிகரம் உண்டு. அதன் ஒரு சரிவில் விழும் மழை பசிபிக் சமுத்திரத்துக்குப் போகிறது. இன்னொரு சரிவில் விழுவது மிசூரி, மிசிசிப்பி ஆறுகளோடு சேர்ந்து மெக்சிக்கோ வளைகுடாவை அடைகிறது. மூன்றாவது சரிவின் தண்ணீர் கனடாவின் ஹட்சன் குடாவுக்கு ஓடுகிறது. ஒரே முகில் பொழிந்த மழைதான்.

எங்கள் குளங்களை மன்னர்களும் மக்களும் அணைகட்டி உண்டாக்கினார்கள். மொன்ரானாவின் பெரும்பாலான ஏரிகளைப் பனி தோண்டியது. மிசூலா நகரே ஒரு காலத்தில் ஏரியின் அடியில் இருந்தது. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாளம் ஆற்றை மறித்து, சுமார் 600 மீற்றர் உயர அணையாக நின்றது. பின்னால் தேங்கிய நீர் பனியணையை உடைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாட்களில் வடிந்துவிடும். பனி மறுபடி மறிக்கும், மறுபடி உடையும். இப்படிப் பல தடவைகள். நகரத்தை அடுத்த மலைச்சரிவுகளில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு கீறியதுபோல் அந்த ஏரியின் பழைய கரைகள் இன்னும் தெரிகின்றன. மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும்.

ஒரே இரவில் பிறந்த ஏரியும் உண்டு. 1959 ஓகஸ்ட் 17 நள்ளிரவுக்குச் சற்று முன் மாநிலத்தின் தெற்கே நிலம் அதிர்ந்தது. ஒரு மலையின் பக்கம் அப்படியே சரிந்து மடிசன் ஆற்றை அடைத்தது. 28 பேர் இறந்தார்கள். கூடாரம் அடித்து உறங்கிய பலரின் உடல்கள் இன்றுவரை அந்தக் கற்களுக்குக் கீழேதான். தேங்கிய நீருக்குப் பூகம்ப ஏரி என்றே பெயர். அதற்குள் பட்ட மரங்கள் இன்றும் நிற்கின்றன.

மிசூலாவுக்கு அருகே ஒரு பண்ணையில் 1880இல் பிறந்தவர் ஜெனற் ரான்கின். எங்களைப் போல அவரும் சமூகப் பணி படித்தவர், அநாதைப் பிள்ளைகளோடு வேலை செய்தவர். ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1914இல் மொன்ரானாப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க உழைத்தார். 1916இல் அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதற் பெண் அவர். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன! 1917இல் முதலாம் உலகப் போரில் இறங்குவதற்கு எதிராக வாக்களித்த 50 உறுப்பினர்களில் ஒருவரானார். 1941இல் யப்பானுக்கு எதிராகப் போர் அறிவித்தபோது 388 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் இவர் ஒருவர் மட்டுமே. சனங்களின் கோபத்துக்குப் பயந்து ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று பொலிஸாரின் துணையோடு வெளியேற வேண்டியதாயிற்று. அதன்பின் அவர் தேர்தலில் நிற்கவில்லை. காந்தியின் வழியை அறியப் பல தடவைகள் இந்தியாவுக்குப் போய்வந்தார். 1968இல், 87 வயதில், வியட்நாம் போரை நிறுத்தக் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்களோடு வாசிங்டனில் ஊர்வலம் போனார்.

மிசூலாவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வாகனத்தில் போனால் பிளற்ஹெட் ஏரி வரும். 45 கிலோமீற்றர் வரை நீளம், ஆழமான இடத்தில் 113 மீற்றர். கரையில் நின்றால் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. கிழக்குக் கரை முழுவதும் செர்ரித் தோட்டங்கள். தெருவோரத் தட்டிகளில் பழம் விற்றார்கள். போகும் வழியில் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு வேறு எழுத்துகளும் இருந்தன. அவை சேலிஷ், கூட்னே மக்களின் மொழிகள். ஏரியின் தென்பாதி அவர்களுடைய ஒதுக்கு நிலத்துக்குள் இருக்கிறது. நெடுஞ்சாலையைப் பெருப்பிக்கும்போது காட்டு விலங்குகள் கடக்கவும் வழி விட வேண்டுமென்று இவர்கள் பிடிவாதமாய் நின்றார்கள். அதனால் கரடிக்கும் மானுக்கும் தெருவின் குறுக்கே மண்போட்ட பாலம் இருக்கிறது. எனக்கு அந்தப் பாலம் நல்லாய்ப் பிடித்தது.

இந்த மக்களின் கதை கடதாசிகளின் கதை. 1855இல் அரசாங்கத்தோடு ஒரு உடன்படிக்கை எழுதப்பட்டது. மொழிபெயர்த்தவர்கள் சரியாகச் சொல்லவில்லை. கைச்சாத்திட்டவர்களுக்கு அதில் இருந்தது முழுதாக விளங்கவுமில்லை. இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் கைவிட்டுப் போயிற்று. எஞ்சியது ஏறத்தாழ 13 இலட்சம் ஏக்கர். தெற்கே பிற்றர்ரூட் பள்ளத்தாக்கில் இருந்த சேலிஷ் மக்கள் மட்டும் தங்கள் ஊரை விட்டு அசையவில்லை. 1872இல், பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் கார்பீல்ட், அவர்களை எழுப்ப இன்னொரு ஒப்பந்தத்தோடு வந்தார். தலைவர் சார்லோ கைச்சாத்திட மறுத்தார். ஆனால் அச்சிட்டு வெளியான பிரதியில் அவருடைய கைநாட்டும் இருந்தது. வைக்காத கைநாட்டு! அதற்குப் பிறகும் பத்தொன்பது ஆண்டுகள் அவர் அங்கேயே தாக்குப்பிடித்தார். வரட்சியும் பசியும் வாட்ட, 1891 ஒக்ரோபரில், இராணுவத்தினர் கூடவர, எஞ்சிய குடும்பங்கள் பள்ளத்தாக்கை விட்டு வடக்கே நடந்தன.

பிற்றர்ரூட் என்பது ஒரு சிறிய இளஞ்சிவப்புப் பூ. அதன் கிழங்கை இளவேனிலில் பெண்கள் தோண்டி, தோலுரித்து, காயவைத்து வருடம் முழுவதற்கும் வைத்திருப்பார்கள். அந்த மக்களை அனுப்பி நான்கு வருடத்தில், 1895இல், அந்தப் பூ மாநில மலராக்கப்பட்டது. இதை எங்களோடு வந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எஞ்சிய நிலமும் தப்பவில்லை. 1904இல் வந்த சட்டம் அதை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்தது. மிச்சத்தை 1910இல் வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். ஏரியிலிருந்து ஆறு வெளியேறும் இடத்தில், அந்த மக்கள் புனிதமாகப் போற்றிய நீர்வீழ்ச்சியில், 1938இல் மின்சார அணை எழுந்தது. ஏரியின் மேல்மட்டத்து மூன்று மீற்றர் நீரை அதுதான் கட்டுப்படுத்துகிறது. மின்சாரக் கம்பனி அவர்களுக்கு வாடகை கொடுத்தது. 1985இல் புதிய அனுமதிப்பத்திரம் எழுதியபோது, முப்பது ஆண்டுகளின்பின் அணையைத் தாங்களே வாங்கலாம் என்ற வாசகத்தைச் சேர்க்க வைத்தார்கள். பிறகு அந்த முப்பது ஆண்டுகளையும் சும்மா இருந்து கழிக்கவில்லை. அவர்கள் 1977இல் தொடங்கிய கல்லூரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அணையை நடத்தத் தங்கள் ஆட்களைப் பழக்கினார்கள். கம்பனி கூடிய விலை கேட்க, நடுவர் மன்றம் 1 கோடி 83 இலட்சம் டொலர் என்று தீர்த்தது. 2015 செப்ரெம்பரில் அணை கைக்கு வந்தது. அமெரிக்காவில் இப்படியான பெரிய நீர்மின் அணைக்கு உரிமையாளரான முதற் பூர்வகுடிகள் இவர்களே. 1908இல் சம்மதமில்லாமல் எடுத்துக் காட்டெருமைச் சரணாலயமாக்கிய நிலமும் 2020 டிசம்பரில் வந்த சட்டத்தால் திரும்பியது. விற்றுப்போன துண்டுகளையும் ஒவ்வொன்றாக வாங்கி, ஒதுக்கு நிலத்தில் பாதிக்கும் மேற்பட்டதைத் தங்கள் வசமாக்கியிருக்கிறார்கள். அணையில் நின்று பார்த்தேன். பச்சை நிறத் தண்ணீர் பாறை இடுக்கால் இரைந்து விழுகிறது. வாயிற் பலகையில் மூன்று இனத்தவரின் பெயர்களும் இருக்கின்றன.

பனிமலைப் பூங்காவைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் சென் மேரி ஏரி. காற்று ஆளைத் தள்ளும். அங்கிருந்து தொடங்குவது பிளக்பீற் மக்களின் நிலம். அவர்களுக்கும் ஒரு கடதாசிக் கதை உண்டு. 1870 ஜனவரி 23 விடியற்காலை, கடுங்குளிரில், மரையஸ் ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றை இராணுவம் சூழ்ந்தது. தேடி வந்த ஆட்கள் அங்கு இல்லை. அம்மை நோயில் கிடந்த குடும்பங்கள்தான் இருந்தன. தலைவர் ஹெவி ரன்னர், தாம் நல்லவர் என்று அதிகாரிகள் எழுதிக்கொடுத்த கடிதத்தைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி முன்னே வந்தார். அவரைச் சுட்டார்கள். இருநூறு பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்.

இந்த மக்களிடையே 1945இல் பிறந்த எலோயிஸ் கோபெல், மின்சாரமில்லாத வீட்டில் வளர்ந்து கணக்கியல் படித்தவர். பூர்வகுடிகளின் தனிப்பட்ட காணிகளை அரசாங்கமே பொறுப்பில் வைத்து, மேய்ச்சலுக்கும் எண்ணெய்க்கும் குத்தகைக்கு விட்டு, வரும் காசை உரியவருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று கேட்டால் பதில் இல்லை. தம் இனத்தின் பொருளாளரான கோபெல் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கத் தொடங்கினார். கேள்வி கேட்டால், கணக்கு வாசிக்கத் தெரியாது என்று இகழ்ந்தார்கள். கணக்காளரைப் பார்த்து! 1996இல் வழக்குப் போட்டார். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கான வழக்கு அது. பழைய பதிவுகள் பல எலி கடித்தும் நனைந்தும் அழிந்தும் கிடந்தன. பதின்மூன்று ஆண்டுகளின்பின், 2009இல், அரசாங்கம் 340 கோடி டொலருக்கு இணங்கியது. உண்மையில் சேரவேண்டியது இதிலும் அதிகம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காத்திருந்த முதியவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பணத்தின் பெரும் பகுதி, சிதறிப்போன காணித் துண்டுகளை மீள வாங்கி இனங்களிடம் கொடுக்க ஒதுக்கப்பட்டது. ஆளுக்கு ஆயிரம் டொலர் என்ற முதற் கொடுப்பனவு 2012 டிசம்பரில் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கோபெல் அதற்கு முந்திய ஆண்டு ஒக்ரோபரில் புற்றுநோயால் இறந்திருந்தார்.