தறி ஓய்ந்த வீடு

எடின்பரோ நகரில் வேவர்லி ரயில் நிலையத்தை விட்டு மேலேறிப் பிரின்ஸஸ் வீதியின் கிழக்குக் கோடிக்கு வருகிறவர்களுக்கு, முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைமீது வீற்றிருக்கும் வெல்லிங்டன் பிரபுவின் வெண்கலச் சிலையும், அதற்குப் பின்னால் ராபர்ட் ஆடம் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்து 1774-ல் அஸ்திவாரம் இடப்பட்ட பழைய மாளிகையும் ஏககாலத்தில் கண்ணில் படும். சிலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம். ஆனால் ஸ்காட்லாந்து தேசத்துச் சாமானிய ஜனங்கள் பிறந்ததையும் மணந்ததையும் மாண்டதையும் பதிவு செய்த புத்தகங்களைத் தேடி வருகிறவர்கள் அந்த மாளிகையின் படிகளில்தான் ஏறவேண்டும். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து, தங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரில் எந்தக் குடிசையில் பிறந்தான் என்று தேடிக்கொண்டிருந்த முதியவர்களின் நடுவே நானும் ஒரு மேஜையில் உட்கார்ந்தேன். நான் தேடிப் போனது என் முன்னோரை அல்ல. எஃகு வியாபாரத்தில் பெரும் செல்வம் ஈட்டி, அதைக்கொண்டு உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகங்கள் எழக் காரணமாயிருந்த ஆண்ட்ரூ கார்னகியின் குடும்பம், செல்வம் என்பதையே அறியாதிருந்த நாளில் எப்படி வாழ்ந்தது, எதனால் ஊரை விட்டது, எதை எடுத்துக்கொண்டு போயிற்று என்பதை அறியும் ஆசைதான் என்னை அங்கே இழுத்துச் சென்றது.

ஸ்காட்லாந்தில் சர்க்கார் ஜனன மரணப் பதிவு 1855-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதிதான் ஆரம்பமாயிற்று. அதற்கு முந்தியவற்றுக்கெல்லாம் மாதா கோயில் குருமார்கள் தங்கள் இஷ்டம்போல எழுதி வைத்த ஏடுகளே சாட்சி. சில இடங்களில் விரிவாகவும், சில இடங்களில் ஒற்றை வரியாகவும், கோயிலோடு பிணங்கிப் பிரிந்துபோன குடும்பங்களைப் பற்றி ஒன்றுமே இல்லாமலும் அவை கிடக்கின்றன. இவற்றுள் வழி தேடுகிறவர்களுக்கு இரண்டு பழக்கங்கள் கைவிளக்குப்போல் உதவுகின்றன என்று அங்கிருந்த உத்தியோகஸ்தர் ஒருவர் பொறுமையோடு எனக்கு விளக்கினார். ஒன்று, மணமான பெண்ணும் ஆவணங்களில் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. மற்றொன்று, மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயரையும் இடுவது. பெயரனே பேரன் ஆனான் என்று அறிந்த நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்றாலும், கார்னகி குடும்பத்தின்மீது அந்த விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தந்தை வில்லியம் கார்னகி. தாய் மார்கரெட் மாரிசன். மூத்தவன் ஆண்ட்ரூ, தந்தையைப் பெற்ற ஆண்ட்ரூவின் பெயர். அடுத்தவன் தாமஸ், தாயைப் பெற்ற தாமஸ் மாரிசனின் பெயர். சிசுப் பருவத்திலேயே இறந்துபோன பெண் குழந்தை ஆன், தாயின் தாயாகிய ஆன் ஹாட்ஜின் பெயர். வறுமையிலும் அந்த வீட்டில் மரபு வழுவவில்லை.

மறுநாள் காலை ரயிலேறி, 1890-ல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலத்தின் செந்நிற எஃகுச் சட்டங்களினூடே கடற்கழியைக் கடந்து டன்ஃபெர்ம்லின் போய்ச் சேர்ந்தேன். பாலத்தின் இரு தலைப்பிலும் உள்ள ஊர்களுக்கு ராணியின் ஓடத்துறை என்று பொருள்படும் குவீன்ஸ்ஃபெர்ரி என்றே பெயர். அந்த ராணியின் பெயரும் மார்கரெட்தான். ஹங்கேரியில் பிறந்து, நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது தப்பியோடி, கடல் வழியாக இந்தக் கரையில் அடைக்கலம் புகுந்து, மால்கம் மன்னனை மணந்து, யாத்திரிகர்களுக்காக இங்கே ஓடம் விட ஏற்பாடு செய்தவள் அவள். 1093-ல் இறந்த அவளை 1250-ல் புனிதவதி என்று திருச்சபை பிரகடனம் செய்தது. அவள் ஸ்தாபித்த கோயில் இருந்த இடத்தில் பின்னால் எழுந்த ஆலயம்தான் டன்ஃபெர்ம்லினில் இன்றும் குன்றின்மேல் நிற்கிறது. அடைக்கலம் தேடிக் கடல் கடந்து வந்த ஒரு மார்கரெட்டால் பெருமை பெற்ற ஊரிலிருந்து, 750 வருஷங்களுக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பின் இன்னொரு மார்கரெட் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போனாள் என்ற நினைவு அந்த ஊரில் இருந்தவரையில் என்னை விட்டு அகலவே இல்லை.

மூடி வீதியும் பிரயரி சந்தும் கூடும் முனையில், சிவந்த ஓடு வேய்ந்த ஒரு சிறிய கல் வீடு இருக்கிறது. 1835 நவம்பர் 25-ஆம் தேதி, அதன் மேல்மாடி அறையில் ஆண்ட்ரூ பிறந்தார். கீழே தறி, மேலே சமையல், படுக்கை, பிரசவம், மரணம் எல்லாவற்றுக்கும் ஒரே அறை. பெரியவர்கள் நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் வாசற்படியில்தான் நிற்க வேண்டும். கீழ் அறையில் இப்போதும் ஒரு கைத்தறி வைத்திருக்கிறார்கள். வில்லியம் நெய்தது டமாஸ்க் என்னும் லினன் துணி. பாவும் ஊடையும் ஒரே வெண்மையாக இருக்க, இழை படியும் விதத்தினால் மாத்திரமே பூவும் கொடியும் தோன்றுவது அதன் சிறப்பு. அங்கே காட்சிக்கு வைத்திருந்த ஒரு மேஜை விரிப்பை நேரே பார்த்தபோது வெறும் வெள்ளைத் துணியாகவே தெரிந்தது. ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தபோதுதான் இலையும் மலரும் நிழலாடி எழுந்தன. இத்தனை நுட்பமான வித்தையைக் கையில் வைத்திருந்தவனும் பட்டினி கிடக்க நேரும் என்பதை அந்தத் துணியின் முன்னால் நின்றபோது மனம் ஏற்க மறுத்தது.

ஆரம்பத்தில் வில்லியமுக்கு நல்ல காலமே இருந்தது. மகன் பிறந்த சிறிது காலத்தில், பல தறிகள் போடக்கூடிய பெரிய வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். ஆனால் நீராவித் தறிகள் பரவப் பரவ, வில்லியமின் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. குடும்பம் மறுபடியும் மூடி வீதியிலேயே ஒரு சிறு வீட்டுக்குத் திரும்பிற்று. 1847-ல் டன்ஃபெர்ம்லினிலேயே நீராவித் தறிச்சாலை எழுந்தபின் கைத்தறிக்காரனை நாடி வருவார் இல்லை. வேலை கேட்கப் போன கணவன் வெறுங்கையோடு திரும்பிய நாட்களில், மார்கரெட் வீட்டின் முன்புறத்தில் ஒரு சிறு கடை வைத்தாள்; இரவில் பூட்ஸுகளின் மேல்தோல்களைச் சேர்த்துத் தைத்தாள். அவள் தந்தை தாமஸ் மாரிசன் தோல் வேலையில் தேர்ந்தவர். அந்தத் தொழில் பிறந்த வீட்டுச் சீதனம்போல மகளின் விரல்களில் தங்கியிருந்தது.

அந்தத் தாமஸ் மாரிசனைப் பற்றிச் சற்று சொல்லாமல் அப்பால் போக எனக்கு மனமில்லை. ஜனங்களின் உரிமைக்காகப் பேசியும் எழுதியும் வந்த தீவிரச் சீர்திருத்தவாதி அவர். பழைய ஆலயச் சிதைவுகளின்மீதும், கிளென் என்று ஊரார் சொல்லும் பிட்டென்கிரீஃப் சோலையின்மீதும் ஊருக்கு உள்ள பாத்தியதையை நிலைநாட்ட அவரும் அவர் மகனும் போராடியதால், மாரிசன் வம்சத்தார் எவரும் அந்தச் சோலைக்குள் காலடி வைக்கக் கூடாது என்று அதன் ஜமீன்தார் தடை விதித்தார். ஊரார் எல்லாரும் உள்ளே போகத் திறந்துவிடும் நாளிலும் சிறுவன் ஆண்ட்ரூ வெளியே நின்றான். 1902-ல் அந்தச் சோலை முழுவதையும் ஆண்ட்ரூ விலைக்கு வாங்கி, மறு வருஷம் ஊருக்கே கொடுத்துவிட்டார். நான் போயிருந்த மாலையில் அங்கே ஒரு கிழவர் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அணில்களுக்குப் பருப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

தந்தைவழியில் கார்னகிகள் இருந்தது தெற்கே சில மைல் தூரத்தில் பாட்டிமூர் என்ற குக்கிராமத்தில். தாத்தா ஆண்ட்ரூ அங்கே நெசவாளர் கூடிப் பேசும் ஓர் எளிய வீட்டைக் கல்லூரி என்றும், தன்னைப் பேராசிரியர் என்றும் ஊரார் அழைக்கக் களித்திருந்தவர். பேரனுக்கு அவருடைய பெயரோடு அவருடைய உல்லாசமும் வந்து சேர்ந்தது என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து இறங்கி நடந்தால் சார்ல்ஸ்டன் துறைமுகம். சுண்ணாம்புக் காளவாய்கள் கரையோரமாகக் கருத்து நிற்கின்றன.

1848 மே மாதத்தில், நிலக்கரி ரயில்பாதையில் குதிரை இழுத்த வண்டியில் வந்து அந்தக் குடும்பம் இறங்கியது இந்தத் துறையில்தான். தறிகளை விற்றதில் கிடைத்த தொகை கப்பல் கூலிக்குப் போதவில்லை. மார்கரெட்டின் சிநேகிதி ஒருத்தி 20 பவுன் கடன் கொடுத்தாள். ஆண்ட்ரூவுக்கு வயது 12. தாமஸுக்கு இன்னும் 5 நிரம்பவில்லை. படகிலிருந்து எடின்பரோ செல்லும் நீராவிக் கப்பலில் ஏற்றப் போகையில், ஆண்ட்ரூ தன் சிற்றப்பனுக்கு நிகரான ஜார்ஜ் லாடரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுத்தழ, மாலுமி ஒருவன் அன்போடு தூக்கி மேலே விட்டான். ஆண்ட்ரூவுக்கு ஸ்காட்லாந்து தேசத்து வீரர்களாகிய வாலஸின் கதையையும் புரூஸின் கதையையும் சொல்லி வளர்த்தவர் அந்த லாடர். கண்ணுக்கு எட்டியவரையில் அந்தச் சிறுவன் ஆலயக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். ராபர்ட் புரூஸ் மன்னனின் பெயர் கல் எழுத்துகளாகச் சுற்றிலும் நிற்கும் அந்தக் கோபுரத்தை நானும் துறையிலிருந்து வெகுநேரம் தேடிப் பார்த்தேன். மூடுபனியில் தென்படவில்லை.

கிளாஸ்கோவின் புரூமிலா துறையிலிருந்து 'விஸ்காஸெட்' என்ற 800 டன் பாய்மரக் கப்பலில் ஏழு வாரம். நியூயார்க்கில் இறங்கி, ஹட்ஸன் நதி, ஈரி கால்வாய், ஈரி ஏரி, மறுபடி கால்வாய், ஒஹையோ நதி என்று நீர்வழியாகவே மேலும் மூன்று வாரம். பீவர் என்ற இடத்தில் படகுக்குக் காத்திருந்த இரவில் கொசுக்கள் கடித்துக் கடித்து மார்கரெட்டின் முகம் வீங்கி, விடிந்தபோது கண் திறக்க முடியவில்லை. அவளுடைய சகோதரிகள் இருவர் முன்பே குடியேறியிருந்த அலெகெனி நகரில் யாத்திரை முடிந்தது.

அடுத்த வருஷம் நான் அமெரிக்கா போயிருந்தபோது அந்த இடத்தையும் பார்க்க முடிந்தது. அலெகெனி 1907-ல் பிட்ஸ்பர்க் நகரத்தோடு சேர்க்கப்பட்டது. அவர்கள் வசித்த ரெபெக்கா வீதியின் பெயரும் மாறிவிட்டது. இரண்டு அறை கொண்ட அந்த வீட்டின் சுவடே இல்லை. அருகே, உழைக்கும் சிறுவர்களுக்குத் தன் சொந்தப் புத்தகங்களைச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்த கர்னல் ஆண்டர்ஸனுக்குக் கார்னகி எழுப்பிய ஞாபகச் சின்னம் மட்டும் பழைய நூலகக் கட்டடத்தின் பக்கத்தில் நிற்கிறது.

தறியை நம்பி வந்த வில்லியமுக்கு இங்கேயும் காலம் கைகொடுக்கவில்லை. மேஜை விரிப்புகள் நெய்து தானே சுமந்து விற்றார். சில வருஷங்களுக்குப் பின், தந்தி ஆபீஸில் வேலை பார்த்த மகன், ஒஹையோ நதிக் கப்பலில் தந்தையைக் காண நேர்ந்தது. அறைக்குக் கூலி கொடுக்க வகையில்லாமல், விற்கக் கொண்டுபோன துணியோடு மேல்தளத்திலேயே இரவைக் கழிக்கத் துணிந்து உட்கார்ந்திருந்தார் அவர். 1855-ல் அவர் காலமானார். பருத்தி ஆலையில் வாரம் 1 டாலர் 20 சென்டுக்கு நூல்கண்டு எடுத்துக் கொடுக்கும் பையனாக ஆரம்பித்த ஆண்ட்ரூ ஏறிய உயரம் உலகறிந்தது. அதே உயரத்திலிருந்து அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். 1892-ல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளர்களுக்கும் கம்பெனி அழைத்து வந்த ஆயுதக் காவலர்களுக்கும் மோதல் நேர்ந்து இருதரப்பிலும் உயிர்கள் மடிந்தபோது, முதலாளி ஸ்காட்லாந்து மலைகளில் தங்கியிருந்தார். தாமஸ் மாரிசனின் பேரன் அன்று எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மனவருத்தத்தை அவர் கொடுத்த நூலகங்களால் ஆற்றிக்கொள்ள என்னால் முடியவில்லை.

பிட்ஸ்பர்க்கில் ஒரு நாள் முழுதும் பழைய குடிக்கணக்கு நமூனாக்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் வீட்டிலுள்ள சுதந்தர ஜனங்கள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுத ஆரம்பித்தது 1850-ஆம் வருஷக் கணக்கில்தான். பிறந்த தேசம், வயது எல்லாம் கேட்டிருக்கிறார்கள். தொழில் என்ன என்ற பத்தியின் தலைப்பை மட்டும் இருமுறை வாசித்தேன்: 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் மாத்திரமே அதைக் கேட்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஆண்களின் தொழில் இரண்டு தேசங்களிலும் ஏடுகளில் ஏறியிருக்க, அந்த வீட்டில் ஒருநாளும் ஓயாத தொழிலை எழுத இங்கே ஒரு பத்தியே கிடையாது.

1881-ல், கார்னகி தன் சொந்த ஊருக்குக் கொடுத்த நூலகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்ட, 71 வயதான மார்கரெட் டன்ஃபெர்ம்லினுக்கு வந்தாள். கட்டடத்தின் முகப்பில் பொறிக்க உங்கள் குலச்சின்னம் யாது என்று கேட்டபோது, எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று மகன் சொல்லி, கதிர் விரியும் உதயசூரியனைச் செதுக்கச் சொன்னார். அந்தச் சூரியனை நான் பார்த்தேன். ஆனாலும், என் மனம் குலச்சின்னமாக வைத்துக்கொண்டது வேறொரு காட்சியை. ரெபெக்கா வீதியில், பக்கத்தில் குடியிருந்த ஃபிப்ஸ் என்ற செருப்புத் தொழிலாளி கொடுத்த வேலையை வாங்கி, வாரம் 4 டாலருக்காக, வீட்டு வேலையெல்லாம் முடிந்த இரவில் விளக்கடியில் உட்கார்ந்து பூட்ஸ் தைக்கிறாள் மார்கரெட். வாய் பழைய ஸ்காட்லாந்துப் பாடல்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முழங்காலருகே உட்கார்ந்த சின்னவன், தாய்வழிப் பாட்டனின் பெயரைத் தாங்கிய தாமஸ், ஊசியில் நூல் கோத்து, அதற்கு மெழுகு தேய்த்துத் தேய்த்து அம்மா கையில் கொடுக்கிறான்.