மாத்தளையில் முடிந்த நடை

2023 ஆகஸ்ட் 12. தலைமன்னாரிலிருந்து ஜூலை 28 அன்று புறப்பட்ட மலையக மக்களின் நடைபயணம் இன்று மாத்தளையில் நிறைவடைகிறது. தப்பு முழங்க நகருக்குள் நுழையும் கூட்டத்தோடு நானும் நடக்கிறேன். தோட்டத்து அம்மாமார், மாணவர்கள், மதகுருமார், கைகோத்து வரும் சிங்கள, முஸ்லிம் நண்பர்கள் என வீதி நிறைந்திருக்கிறது.

பக்கத்தில் பேத்தியோடு வந்த பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்க பூட்டன் நடந்து வந்த ரோடு இதுதான்னு அப்பா சொல்லுவாரு. புள்ளைக்குக் காட்டத்தான் கூட்டியாந்தேன் தம்பி" என்றார்.

200 ஆண்டுகளுக்கு முன் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகக் கிராமங்களின் பஞ்சத்திலிருந்து கங்காணிமார் கூட்டி வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுக்குள் நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே கொன்றன. உயிர் தப்பியவர்கள் மாத்தளைக்கு வந்து, இங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். இந்த ஊருக்கு ரயில் வந்ததே 1880இல்தான்.

அவர்களின் வழிவந்தவர்களைத்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் அவர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கிட்டுக்கொண்டன. "நீங்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள் அல்ல" என்று சொன்ன அந்தச் சட்டத்துக்கு, இந்த வீதியில் பதியும் ஒவ்வோர் அடியும் மறுமொழி.

இப்படி மாண்டவர்களை நினைவில் வைக்க வழி உண்டு. அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில், வெள்ளை இனவெறிக் கும்பல்கள் கொன்ற கறுப்பின மக்கள் மாண்ட இடங்களின் மண் கண்ணாடிச் சாடிகளில் இருக்கிறது. சாடிகளில் இறந்தவர்களின் பெயர்கள். அந்த மண்ணைத் தங்கள் கையாலேயே தோண்டிச் சேர்த்தவர்களில் அவர்களின் வம்சத்தாரும் ஊராரும் உண்டு. எங்களிடமும் தொடக்கம் இருக்கிறது. கம்பளைக்கு அருகே தொழிலாளர் குடியிருந்த ஒரு பழைய லயம் 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக நிற்கிறது. உழைத்தவர்கள் பாவித்த பொருட்களும் பத்திரங்களும் அங்கே சேர்க்கப்பட்டிருக்கின்றன.

பாதை வந்து சேர்ந்த மாத்தளையிலும் அப்படியொரு இடம் வேண்டும். மன்னார் முதல் இங்கு வரை பிள்ளைகள் மண் எடுத்து வரட்டும். பாட்டிமார் சொல்லும் கதைகளை அந்தப் பாட்டிமாரின் குரலிலேயே பதிவுசெய்யட்டும். இன்று இந்த மக்கள் கேட்கும் காணிக்கும் வீட்டுக்கும் நியாயமான கூலிக்கும் அந்த வரலாறே முதல் சாட்சி. அந்தச் சாட்சியத்தை வம்சத்தாரின் கையிலேயே கொடுப்பதுதான் நடந்து மாண்டவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.