கட்டத்துள் அடங்காத தாலாட்டு

இக்கல்லூரியிற் பயின்று, இன்று கலஹாவிலே தமிழ் கற்பிக்கும் எம்மையும் பழைய மாணவர் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். தமிழாசிரியர் எழுதினால் அஃது இலக்கியச் சுவையோ இலக்கண நுட்பமோ பற்றியதாகும் என அன்பர்கள் எதிர்பார்த்தல் இயல்பே. யாமோ கணினியிலே தரவு வைக்கும் முறை பற்றி எழுதத் துணிந்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழன்றி வேறு பட்டமில்லாத எமக்கு இத்துணிவு வந்த வரலாற்றைக் கேளுங்கள்.

கலஹாவை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் என்பார் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே, கோப்பிக் காலத்தில், தமிழகத்திலிருந்து வந்தோர் தம்முடன் கொணர்ந்த தாலாட்டும் ஒப்பாரியும் எந்த ஏட்டிலும் ஏறாதன பல. அவை லயங்களில் வாழும் மூதாட்டியர் நாவிலேயே உள்ளன. அவற்றைத் தொகுப்பதென்று சில ஆண்டுகளுக்கு முன் யாம் தொடங்கினோம். கணினியில் ஓர் அட்டவணை வரைந்து, இலக்கம், பாட்டின் வகை, பாடியவர், தோட்டம், பாட்டு என ஐந்து கட்டங்கள் அமைத்தோம். அதன் ஒழுங்கு கண்டு உள்ளூரப் பெருமையும் கொண்டோம்.

ஒருநாள் மாலை மூதாட்டி ஒருவர் எமக்குத் தாலாட்டொன்று பாடினார். இடையில் நிறுத்தி, “ஐயா, இந்த எடத்துல எங்கம்மா ஒரு மாதிரி பாடும்; எம் மாமியா வேற மாதிரி பாடும். ரெண்டும் வேணுமா?” என்று வினவினார். எம் அட்டவணையில் பாட்டுக்கு இருந்தது ஒரே கட்டம். “ஒன்று போதும் பாட்டி” என்றோம்.

மறு ஆண்டு அவர் காலமானார். அவர் பாடித் தந்தது தாயின் பாடமா, மாமியாரின் பாடமா என்பதுகூட எம்மிடம் இல்லை. பாடபேதத்தின் அருமையை ஆண்டுதோறும் மாணவருக்கு எடுத்துரைக்கும் யாமே, ஒரு பாடபேதத்தை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினோம்.

இத்துயரை, எம்மிடம் தமிழ் கற்றுக் கொழும்பிலே மென்பொருட்டுறையிற் பணிபுரியும் இளைஞர் ஒருவரிடம் கூறினோம். “சேர், கட்டத்தை முதலில் போட்டுவிட்டுப் பாட்டைத் தேடிப் போனீர்கள், அதுதான் பிழை” என்றார் அவர். பின் விளக்கினார். 1970ஆம் ஆண்டு எட்கர் காட் என்னும் அறிஞர் தரவுகளையெல்லாம் அட்டவணைகளாக வகுத்து, அவற்றை ஒன்றோடொன்று தொடர்புறுத்தி வினவும் நெறியை வெளியிட்டார். வங்கிக் கணக்கு முதல் பாடசாலை வரவுப் பதிவு வரை இன்றும் அந்நெறியிலேயே இயங்குகின்றன. ஆயின், உலகில் உள்ளன யாவும் ஒரே வடிவின அல்ல.

இதனை விளங்கிக்கொள்ள எமக்குத் தமிழே துணைசெய்தது. திருக்குறளை நோக்குக. 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள், ஆக 1330. அட்டவணைக்கென்றே அமைந்தாற் போன்ற ஒழுங்கு அது. இனிப் புறநானூற்றை நோக்குக. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவேயில்லை. பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே உண்டு. சில பாடல்களுக்குப் பாடியவர் பெயர் தெரியாது. சிலவற்றில் அடிகள் சிதைந்துள்ளன. இதனை அட்டவணையில் இட்டால் வெற்றுக் கட்டங்கள் மலியும். அன்றேல், பாட்டுக்கொன்றும் பாடத்துக்கொன்றும் உரைக்கொன்றுமாக அட்டவணைகள் பெருகும். ஒழுங்கு உண்டு, ஆயின் எங்கும் ஒரே ஒழுங்கன்று. இத்தகையவற்றையே அரைக்கட்டமைப்புத் தரவு என்பர்.

இதற்கு 1998ஆம் ஆண்டு வகுக்கப்பட்டதே எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமுறை. இதில் தரவு ஒரு மரம். நூல் அடிமரம், பாடல் கிளை, திணை, துறை, புலவர், அடி, பாடபேதம் என்பன சிறு கிளைகள். ஒரு பாடலுக்குப் பாடபேதம் மூன்றிருந்தால் மூன்று கிளை. இல்லையேல் கிளையே இல்லை. கிளைகளுக்குத் தமிழ்ப் பெயரே இடலாம் என்பது எமக்குப் பேருவகை அளித்தது.

மரத்தை வினவும் மொழிகளும் உண்டு. எக்ஸ்பாத் 1999இலும், அதனினும் விரிந்த எக்ஸ்குவெரி 2007இலும் தரப்படுத்தப்பட்டன. //பாடல்[புலவர்="கபிலர்"] என்று எழுதினால், கபிலர் பாடியன அனைத்தும் வந்து நிற்கும். இரட்டைச் சாய்கோடு, எத்துணை ஆழத்திற் கிடப்பினும் தேடுக என்னும் ஆணை. பகர அடைப்பு, நிபந்தனை. புலவர் என்னும் கிளையே இல்லாத பாடல்கள் எவை என்றும் கேட்கலாம். இல்லாமையையும் வினவக் கூடும் என்பது எம் நெஞ்சைத் தொட்டது.

இதனால் அட்டவணை பழுதுடையது என்று கருதற்க. ஒருபடித்தான பெருந்தொகைக்கு அதுவே விரைவும் காவலும் உடையது. மரமுறையில் உழைப்பு மிகுதி. ஒவ்வொரு கிளைக்கும் நாமே குறியிடல் வேண்டும், ஒரு குறி மூடாதொழியின் கோப்பு முழுவதையும் கணினி ஏற்க மறுக்கும். எமது தொகுப்பை மாற்றி எழுத இரண்டு விடுமுறைகள் கழிந்தன.

இன்று //தாலாட்டு[பாடபேதம்] என வினவினால், பாடபேதமுள்ள தாலாட்டுகள் திரையில் தோன்றும். அவற்றுள் ஒன்றின் பாடபேதக் கிளை வெறுமையானது. அதனுள் ‘விடுபாடு’ என்றொரு குறி மட்டும் உண்டு. புறநானூற்றை 1894இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், சிதைந்த அடிகளைத் தாமே புனைந்து நிரப்பவில்லை. யாமும் நிரப்பவில்லை. ‘இங்கே ஒரு குரல் இருந்தது, தொகுத்தவன் கேளாது விட்டான்’ என்பதற்கு அக்குறியே சான்று.

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லங்களிலும் பாட்டிமார் உளர். அவர்கள் பாடுவதைக் கேட்கச் செல்லுங்கால் கட்டம் வரைந்து கொண்டு செல்லாதீர்கள். “ரெண்டும் வேணுமா?” என்று எவரேனும் வினவினால், “இரண்டும் வேண்டும் பாட்டி” என்று சொல்லுங்கள். வைக்கும் முறையைப் பின்னர்த் தேடிக்கொள்ளலாம்.