எதை எடுத்தாலும் நூறு

சம்பளம் விழுந்தால் அடுத்த சனிக்கிழமை நாங்கள் குடும்பமாக பஸ் ஏறி, புளியங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போவது வழக்கம். போனமுறை போனது மகனுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்க. திரும்பி நெடுங்கேணிச் சந்தியில் இறங்கும்போது கையில் இருந்தவை இரண்டு பிளாஸ்ரிக் பேசின், உடுப்புக் கொழுவி ஒரு டசின், பூனை வடிவத்தில் ஒரு மணிக்கூடு. சப்பாத்து மட்டும் இல்லை.

மலிவுக் கடைக்குள் கால் வைத்தால் மனிசருக்கு என்னதான் நடக்கிறதோ தெரியாது. இத்தனைக்கும் பிள்ளைகளுக்கு சதவீதக் கணக்குப் படிப்பிக்கிற ஆட்கள் நாங்கள். '40 சதவீத விலைக்கழிவு' என்றால், கழிவுக்கு முந்தைய விலையை எவராவது எப்போதாவது கொடுத்தார்களா என்று முதலில் யோசியுங்கள் என வகுப்பில் சொல்லுவோம். கடைக்குள் போனால் அந்தக் கேள்வி எங்களுக்கே வராது. 990 ரூபா என்றால் ஆயிரம் இல்லையே என்று மனம் ஆறிவிடுகிறது. மிச்சப் பத்து ரூபாவுக்கு ரொபி தருவார்கள். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கி வருவோம்.

'எதை எடுத்தாலும் 100 ரூபா' என்ற கடைகளை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2022இல் டொலர் இரண்டே மாதங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதே, அதற்குப் பிறகு 100 ரூபாவுக்கு எதைத்தான் எடுப்பது? ஒரு கடையில் பழைய பலகையைக் கழற்றாமல் இலக்கத்தின் மேல் ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தார்கள். இது எங்களுக்கு மட்டும் வந்த வினையுமில்லை. அமெரிக்காவில் பல வருடம் எல்லாவற்றையும் ஒரு டொலருக்கு விற்ற 'டொலர் ட்ரீ' கடைக்காரரும் 2021இல் ஒன்றேகால் டொலர் ஆக்கினார்கள். பெயரை மாற்றவில்லை.

சரி, விசயத்துக்கு வருவோம். பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் இந்தக் கடைகளிலிருந்து சாமான் வாங்கி வந்து கொடுப்பது நாங்கள்தான். ஒவ்வொரு மாதமும் ஒரே பட்டியல்: சவர்க்காரம் ஆறு, மெழுகுதிரி ஒரு பெட்டி, பற்றறி நாலு. வீட்டில் இருப்பது ஆச்சி தனி ஆள். கரண்ட் இருக்கிறது. ரோச் லைற்றும் சார்ஜ் ஏற்றுகிற வகை. அந்த வீட்டில் பற்றறி போடுகிற பொருள் ஒன்றுகூட இல்லை என்று எங்கள் மகன் கண்டுபிடித்துச் சொன்னான். கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பழைய பற்றறிகள் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கின்றன. 'வயசு போனால் இப்படித்தான்' என்று நாங்களும் பேசாமல் விட்டுவிட்டோம்.

போன கிழமை ரீவியில் 'மூன்றாம் பிறை' போட்டார்கள். 1982இல் வந்த படம். எடுத்தவர் எங்கள் மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா. ஆச்சியும் வந்து கதிரையில் இருந்து பார்த்தா. கடைசிக் கட்டத்தில் ஸ்ரீதேவி எல்லாம் மறந்து ரயிலில் இருக்கிறா. கமல் பிளாற்போமில் குரங்காட்டம் ஆடிக் காட்டுகிறார். எங்கள் மகனுக்குப் பத்து வயது, பொறுமை இல்லை.

"இந்த ஆள் ஏன் நேரத்தோட வந்து அவவின்ர வாப்பாட்டச் சொல்லேல்ல? வைத்தியர் வீட்டிலயே போய்ச் சொல்லியிருக்கலாம்தானே?"

உண்மையைச் சொன்னால், அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்த எங்களுக்கும் அதே எரிச்சல்தான். சினிமாக்காரர் கதையை இழுப்பதற்குச் செய்கிற வேலை என்று சொல்ல வாயெடுத்தோம். ஆச்சி ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னா:

"அங்க பொலிஸ் நிண்டதெல்லே, தம்பி."

அவ்வளவுதான். ஆச்சிக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஒரு இளம் பெடியன், பொலிஸ் நிற்கிற இடத்துக்குள் தானாகப் போய்த் தன் கதையைச் சொல்ல வேண்டும் என்று இந்த மண்ணில் எந்தத் தாய் எதிர்பார்ப்பாள்?

படம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பற்றறிக் கதையைக் கேட்டோம். "சேர், நீங்க அப்ப இஞ்ச இல்லை" என்று தொடங்கினா. 90களில் பொருளாதாரத் தடை. வன்னிக்குள் பற்றறி வராது, மெழுகுதிரி வராது, சவர்க்காரம் யானை விலை. ஒரு கட்டியை நாலாய் வெட்டிப் பாவித்தார்களாம். ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தான் பிள்ளைகள் படித்தன. செய்தி கேட்க சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ வேலை செய்ய வைத்தார்களாம். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் பாடும். 2002இல் பாதை திறந்து முதல் லொறிகள் வந்தபோது ஆச்சி வாங்கிய முதல் சாமான் சவர்க்காரம். 2006இல் பாதை திரும்பவும் பூட்டுப்பட்டபோது பெட்டியில் மிச்சம் இருந்ததாம். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை.

நாங்கள் இடைவேளைக்குப் பிறகு கொட்டகைக்குள் நுழைந்த ஆட்கள். முதல் பாதி தெரியாமல் 'வயசு போனால் இப்படித்தான்' என்று தீர்ப்பு எழுதியிருக்கிறோம்.

அன்றிரவு எங்கள் உம்மாவைப் பற்றித்தான் கதைத்தோம். உம்மா எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போனவர்கள். இப்போது புத்தளத்தில் சொந்த வீடு, சீமெந்துத் தரை, எல்லாம் உண்டு. ஆனால் பாரமான சாமான் எதையும் உம்மா வீட்டுக்குள் எடுக்கமாட்டா. இரண்டு வருடத்துக்கு முன் அரைவிலைக்கு ஒரு இரும்பு அலுமாரி பார்த்து, முற்பணமும் கட்டிவிட்டுச் சொன்னோம். "வேணாம் மகன், அதத் தூக்க எத்தின பேர் வேணும்" என்றா. கஞ்சத்தனம் என்று ராத்தாவோடு சேர்ந்து சிரித்தோம். உடுப்புகள் இன்னமும் சில்லு வைத்த இரண்டு பயணப் பைகளில்தான் இருக்கின்றன. அந்தப் பைகளும் மலிவு விற்பனையில் வாங்கினவைதான்.

இந்தச் சனி திரும்பவும் வவுனியாவுக்குப் போகிறோம். ஆச்சி பட்டியல் தந்துவிட்டா. பற்றறி இம்முறை எட்டாம். சப்பாத்தும் வாங்க வேண்டும், மறந்தால் மகன் விடமாட்டான். அலுமாரிக் கடையில் முற்பணத்தைத் திருப்பித் தர முடியாதாம், வேறு சாமான் எடுக்கட்டாம். இன்னொரு பை இருந்தால் எடுப்போம்.