தேரி மணலில் செங்கோலின் சுவடுகள்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் அங்குள்ள கோயிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் கோட்டையையும் நாடிச் செல்வது வழக்கம். அவ்வூரில் குற்றம் செய்தவனைப் பிடித்தவர் யார், விசாரித்தவர் யார், தண்டித்தவர் யார், தண்டித்தவர் தவறினால் அவரைக் கேட்டவர் யார் என்னும் வினாக்களோடு செல்வோர் மிகச் சிலரே. திருநெல்வேலிச் சீமையில் இவ்வினாக்களுக்கு விடை சொல்லும் இடங்கள் பல உள்ளன. அவற்றுட் சிலவற்றைச் சென்ற கோடை விடுமுறையில் மூன்று நாள் சுற்றிப் பார்த்தேன். எம் துறையில் இளங்கலை முடித்த புன்னக்காயல் மாணவர் ஒருவர் உடன் வந்தார். அவர் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஆகவே, எனக்கு வரலாறாகத் தோன்றியவை பல, அவருக்கு நாளைய தொழிலாகத் தோன்றின.

வட்டத்துள் நின்ற மன்னன்

பயணம் புன்னக்காயலில் தொடங்கியது. பொருநையாறு கடலொடு கலக்கும் ஊர் அது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கோட்டை கட்டியதும், 1553-இல் அக்கோட்டை தாக்குண்டதும், அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்றுத் தமிழிலேயே நூல் படைத்ததும் அவ்வூரின் பெருமைகள். கோட்டையின் சுவடு இன்று கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆற்று மணலும் உப்புக் காற்றும் படகுகளுமே எஞ்சியுள்ளன.

அவ்வூருக்கு அண்மையிலுள்ள பழையகாயலே பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய காயல் துறைமுகம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டின் வழக்கம் ஒன்றைப் பதிவு செய்துள்ளார். கடன் வாங்கியவன் பலமுறை கேட்டும் திருப்பித் தராமல் நாள் கடத்தினால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிடலாம். கடனைத் தீர்க்காமல், அல்லது தக்க பிணை கொடுக்காமல் அவன் அவ்வட்டத்தைத் தாண்டலாகாது. தாண்டினால் மரண தண்டனை. அயல்நாட்டு வணிகன் ஒருவனுக்குத் தரவேண்டிய பணத்தை மன்னன் காலந்தாழ்த்த, குதிரைமீது வந்த அம்மன்னனைச் சுற்றியே அவ்வணிகன் வட்டம் வரைந்தான் என்றும், பணம் கொடுத்துத் தீர்க்கும்வரை மன்னன் அவ்விடத்தைவிட்டு அசையவில்லை என்றும், இதனைத் தாமே கண்டதாகவும் போலோ கூறுகிறார்.

கடனுக்கு உயிரையே ஈடாக வைக்கும் சட்டம் கொடிய சட்டமே. அதனை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும், படையும் பரிவாரமும் உடைய ஒருவன் மணலில் விரலால் வரைந்த கோட்டுக்குக் கட்டுப்பட்டு நின்றான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சட்டத்தை இயற்றியவனையும் சட்டம் சுற்றி வளைத்தது.

பொற்கையும் ஆயிரம் தலைகளும்

புன்னக்காயலிலிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் கொற்கை. முத்துக்குப் பேர்பெற்ற பாண்டியர் துறைமுகம் இன்று குளமும் வயலும் சூழ்ந்த சிற்றூர். குளக்கரைக் கோயிலையும் பழைய வன்னி மரத்தையும் பார்த்துக்கொண்டே சிலப்பதிகாரத்தின் இரண்டு நிகழ்ச்சிகளைப் பேசினோம்.

முதலாவது பொற்கைப் பாண்டியன் செய்தி. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைப்பது. கணவன் ஊரில் இல்லாத வீட்டின் கதவை இரவிலே தட்டிய குற்றத்திற்காகப் பாண்டியன் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். இதனைப் படிக்கும்போதெல்லாம் கலீபா உமர் (ரலி) அவர்களின் இரவு உலா என் நினைவுக்கு வரும். ஒரு வீட்டிலிருந்து தகாத ஒலி கேட்கவே, அவர்கள் சுவரேறி உள்ளே சென்று அங்கிருந்தவனைக் கண்டித்தார்கள். அவனோ, ‘நான் செய்த பிழை ஒன்று, நீங்கள் செய்தவை மூன்று’ என்றானாம். துருவி ஆராய்தல், வாயில் வழி வாராமை, அனுமதியும் சலாமும் இன்றி நுழைதல் ஆகிய மூன்றையும் திருமறை தடுத்திருப்பதை அவன் எடுத்துக்காட்ட, கலீபா அவர்கள் தம் பிழையை ஏற்று அவனை மன்னித்துத் திரும்பினார்கள் என்று நூல்கள் கூறும். பாண்டியன் கதையிலும் கலீபா கதையிலும் கேள்விக்கு உள்ளாவது காவலனின் கையே. அவன் எந்தக் கதவை எப்போது தட்டலாம் என்பதே வழக்கு.

இரண்டாவது நிகழ்ச்சி இதற்கு நேர் மாறானது, கொற்கைக்கே உரியது. கண்ணகிக்கு நேர்ந்த கொடுமைக்குக் காரணமானவன் ஒரு பொற்கொல்லன். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியனோ அப்பத்தினிக்கு விழா எடுத்து, ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் பலியிட்டான் என்கிறது காப்பியம். மதுரையில் நெடுஞ்செழியன் தன் பிழையுணர்ந்து உயிர் நீத்தான். கொற்கையில் அவன் வழிவந்தவன் ஒருவன் செய்த குற்றத்தை ஒரு தொழிலார் அனைவர் மேலும் ஏற்றினான். இப்பழக்கம் காப்பியத்தோடு முடிந்துவிடவில்லை. 1871-இல் ஆங்கிலேயர் இயற்றிப் பின்னர் சென்னை மாகாணத்திற்கும் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பைக் கொண்டே மனிதரைக் குற்றவாளியாக்கியது. அது இம்மாகாணத்தில் நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கயத்தாற்றுப் புளியமரம்

இரண்டாம் நாள் கயத்தாறு சென்றோம். 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர். அந்தப் புளியமரம் இன்று இல்லை. அவ்விடத்தைக் கடந்த வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லை இட்டு வணங்கிச் செல்ல, அக்கற்களே ஒரு குவியலாய் நெடுங்காலம் கிடந்தன என்று முதியோர் கூறுவர். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் நிலம் வாங்கி எழுப்பிய சிலை 1970 முதல் அங்கே நிற்கிறது.

கட்டபொம்மனின் வீரத்தைப் பாடாத மேடை இல்லை. நான் கருத விரும்புவது அன்று நடந்த விசாரணையை. மேஜர் பானர்மன் சுற்றுவட்டாரப் பாளையக்காரர் அனைவரையும் அங்கு வரவழைத்தார். அவர்கள் முன்னிலையில் குற்றச்சாட்டுகள் படிக்கப்பட்டன. அன்றே தண்டனை நிறைவேறியது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீது படை நடத்திச் சென்றவர் பானர்மன். குற்றம் சாட்டியவர் அவர். தீர்ப்பு வழங்கியவரும் அவரே. மேல்முறையீடு இல்லை, வாதிட ஒருவர் இல்லை. கூடியிருந்தோர் சாட்சிகளாக அழைக்கப்படவில்லை. அஞ்சி நடுங்குவதற்காக அழைக்கப்பட்டனர். ஆயினும் தூக்குமரத்தை நோக்கி நடந்த கட்டபொம்மனிடம் அச்சத்தின் சாயலே இல்லை என்பதைப் பானர்மனே தம் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் குறிக்க நேர்ந்தது. அச்சுறுத்தலும் பலிக்கவில்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட கோட்டை சில நாள்களிலேயே மீண்டும் எழுந்தது.

காவற்கூலி

பாளையக்காரர் வீழ்ந்தபோது அவர்களோடு ஒரு காவல் முறையும் சரிந்தது. பாளையக்காரர் நடத்தியது திசைகாவல். ஊரளவில் நடந்தது தலக்காவல். குடிகள் காவற்கூலி கொடுத்தனர். அதற்கு ஈடாக, களவு போன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிடின் அதன் மதிப்பைத் தம் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும்.

இம்முறையை நான் பொற்காலமாகப் புகழ வரவில்லை. கூலி கொடுக்க மறுத்தவன் வீட்டு மாடு இரவோடிரவாகக் காணாமற்போவதும், துப்புக்கூலி கொடுத்தபின் அது மறுநாள் கிடைப்பதும் உண்டு. காவலே களவாகிய கதைகள் இச்சீமையில் ஏராளம். ஆனால் அம்முறையின் அடிப்படையில் ஒரு நல்ல கொள்கை இருந்தது. காவல் தவறினால் காவலன் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அது. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி சென்னை மாகாணத்தில் சீருடைக் காவல்துறை உருவாயிற்று. சம்பளம், பதவிப்படி, பதிவேடு எல்லாம் வந்தன. கூலி கொடுத்த குடியானவனுக்குக் காவலன் பதில் சொல்ல வேண்டிய உறவு அறுந்தது. காவலர் மேலதிகாரிக்கு மட்டுமே பதில் சொல்பவரானார்.

அவ்வுறவு முற்றும் ஒட்டவில்லை என்பதற்குப் பொருநையே சாட்சி. 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் காவல்துறை தடியடி நடத்தியபோது ஆற்றில் இறங்கிப் பதினேழு பேர் மாண்டனர். புன்னக்காயலில் கடல் சேர்வது அதே ஆற்று நீர்தான்.

தேரியும் சாத்தான்குளமும்

மூன்றாம் நாள் தேரிக்காடு. தமிழகத்தில் பாலைவனம் காண விழைவோர் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட இச்செம்மணற் பரப்பைக் காணலாம். காற்று வீசும் மாதங்களில் மணல்மேடுகள் இடம் பெயரும். பனையும் முந்திரியும் மட்டுமே வேரூன்றி நிற்கும். இதன் நடுவே வற்றாத சுனை ஒன்று உண்டு. அதனருகே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்.

தேரி தோன்றியதற்கு அவ்வட்டாரத்தார் ஒரு கதை சொல்கின்றனர். முன்னர் அது சோலை சூழ்ந்த நாடாம். அரசனுக்கே உரிய மாமரத்தின் கனியொன்று, தண்ணீர் எடுத்துச் சென்ற பெண்ணொருத்தியின் குடத்தில் அவளறியாமல் விழுந்தது. குடத்தில் கனி கண்ட அரசன், விழுந்ததா எடுத்ததா என ஆராயாமல் அவளுக்கு மரண தண்டனை விதித்தான். அவளிட்ட சாபத்தால் நாடு மணல் மூடியது. மண்ணியல் வல்லார் காற்றையும் கடலையும் காரணம் காட்டுவர். அது சரியே. ஆனால் ஆராயாத தண்டனை ஒரு நாட்டையே பாலையாக்கும் என்று இம்மக்கள் நம்பினரே, அந்நம்பிக்கை மதிக்கத்தக்கது.

தேரியின் விளிம்பில் உள்ளது சாத்தான்குளம். கருப்பட்டியும் கடைவீதியுமாக இயங்கும் சிறு நகரம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கூறி, கைப்பேசிக் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் இந்நகரின் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மறுநாள் மருத்துவச் சான்று, நீதிமன்ற ஆணை, சிறைப் பதிவு என மூன்று வாயில்களைக் கடந்து கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 22-ஆம் நாள் இரவு மகனும் 23-ஆம் நாள் காலை தந்தையும் இறந்தனர். காயங்களோடு இருந்த இருவரை மூன்று வாயில்களிலும் ஒருவரும் தடுத்து நிறுத்திக் கேட்கவில்லை.

உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. சான்றுகள் அழியாமலிருக்க அக்காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் ஒப்படைக்கச் செய்தது. கண்காணிப்புக் கருவியின் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். நடுவண் புலனாய்வுத் துறை காவலர் ஒன்பதின்மர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் இக்கருவிகளைப் பொருத்திப் பதிவுகளை நெடுங்காலம் காக்க வேண்டுமென உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

விதிகள் அதற்கு முன்னரும் இருந்தன. கைதாவோரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். கைதுக் குறிப்பு எழுதி, உறவினருக்குத் தெரிவித்து, மருத்துவ ஆய்வும் செய்ய வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பு. பாண்டியனைச் சுற்றி வரைந்த வட்டம் போன்றவையே இவை. வட்டம் வரைந்தாயிற்று, அதனுள் நிற்பவர்தாம் வேண்டும்.

மாணவரின் வினா

காவல் நிலையத்துக்கு எதிர்ப்புறம் நின்று சிறிது நேரம் பார்த்தோம். மனு கொடுக்க வந்த மூதாட்டி ஒருவருக்கு இளங்காவலர் ஒருவர் நாற்காலி எடுத்துப் போட்டார். மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “ஐயா, அன்று இரவு நான் அந்த நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த காவலனாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?” என்று கேட்டார்.

அவ்வினாவுக்கு விடையும் அவ்வழக்கிலேயே உள்ளது. அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாம் கண்டதை நடுவர்முன் அச்சத்தோடே, ஆனால் மறைக்காமல் சொன்னார். தம் நிலையத்தார் சூழ்ந்திருக்கும்போதே சொன்னார். காக்கிச் சீருடை அணிந்தே ஒருவர் உண்மையின் பக்கம் நிற்க இயலும் என்பதை அவர் காட்டினார். அதனை மாணவரிடம் சொன்னேன். “அவ்வளவு தைரியம் எனக்கு வருமா என்று தெரியவில்லை ஐயா” என்றார். அத்தயக்கமே நல்ல தொடக்கம் என்று நான் கருதுகிறேன். தனக்கு ஐயமே இல்லாதவன் கையில் தடியைக் கொடுப்பது ஆபத்து.

எம் துறையில் பயில்வோர் பலர் ஆசிரியராக விரும்புகின்றனர். அதற்கு இணையான எண்ணிக்கையினர் சீருடைப் பணியாளர் தேர்வு எழுதுகின்றனர். தமிழ் பயின்றவன் காவல்துறைக்கு எதைக் கொண்டு செல்வான் என்று சிலர் எள்ளி வினவுவதுண்டு. பொற்கைப் பாண்டியனைக் கொண்டு செல்வான், நெடுஞ்செழியனைக் கொண்டு செல்வான் என்பதே என் விடை. சிலப்பதிகாரத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்தவர் மதிப்பெண் பெறுவார். அதனை நெஞ்சில் ஏற்றவர், கைதாகி வந்தவன் தலைகுனிந்து நிற்கும்போது, விழுந்த கனியா எடுத்த கனியா என ஒருமுறை கேட்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் துணிவை எம் மாணவச் செல்வங்களுக்கு எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.